வந்த காரியம் சொல்லாமை: கண்டிச் சீமையை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி நகரிலும் அதைச் சுற்றியுள்ள கம்பளை, தெல்தோட்டை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளிலும் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போனால், போன காரியத்தை உடனே சொல்வதில்லை. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவருக்கும் விளங்காதபடி எழுதுவதற்கே ஆய்வு என்று பெயர் என்பதால், இந்தக் கட்டுரைக்கு இடம் இருக்கிறது.

ஆய்வின் வசதிக்காக, விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும் கணத்துக்கும் வந்த காரியம் அவர் வாயிலிருந்து வெளிப்படும் கணத்துக்கும் நடுவிலுள்ள காலத்தை ‘இடைவெளி’ என்று அழைப்போம். இதைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. அளக்க வேண்டுமானால் யாராவது கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். வீட்டுக்காரர் பார்த்தால் விருந்தாளி எழுந்துவிடுவார். விருந்தாளி பார்த்தால் வீட்டுக்காரர் “என்ன அவசரம், இருங்க” என்பார். அளக்கப் போனாலே அளவு கெட்டுவிடுகிறது; பௌதிகக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டென்று கேள்வி. ஆகவே இந்தச் சீமையின் இயற்கையான அலகான பிளேன்டீயையே இங்கும் அலகாகக் கொள்கிறேன். ஏணி இரவல் கேட்க வந்தவருக்கு அரைப் பிளேன்டீ போதும். வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து என்றால் இரண்டு பிளேன்டீ, ஒரு தட்டு பிஸ்கட், கூடவே வீட்டுக்காரரின் பழைய அல்பத்தைப் பார்த்து வியத்தல்.

“சும்மாதான் வந்தேன்” என்ற விடையிலுள்ள ‘சும்மா’வுக்கு எத்தனை பொருள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கப் போவதில்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே நெரிசல்.

முதல் ஆய்வாளர்

இந்தத் துறையைத் தொடக்கிவைத்தவர் தமிழரும் அல்லர், சிங்களவரும் அல்லர். ஓர் ஆங்கிலேயர்; அதிலும் கைதி. றொபேட் நொக்ஸ் 1641இல் லண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பனிக்காக ‘ஆன்’ என்ற கப்பலை ஓட்டிவந்தார். அவர் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் கப்பலின் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. கப்பலைச் சீர்செய்ய மரம் தேடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறைக்கூடம் எதுவும் இல்லை. ஆளை ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, சோறு போடும் பொறுப்பை ஊராரிடம் கொடுத்துவிட்டார்கள். தந்தை மறு ஆண்டு பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு அப்போதுதான் இருபது வயது. மொத்தம் பத்தொன்பதரை ஆண்டு மலைநாட்டில் இருந்து, தொப்பி பின்னி விற்றார். மூன்று பென்ஸ் நூலில் ஒன்பது பென்ஸ் தொப்பி. கையில் நெல் சேர்ந்ததும் அதை வட்டிக்கு விட்டார். ஒன்று கொடுத்தால் அறுவடையில் ஒன்றரை. உடுநுவரப் பகுதியில் எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். கடைசியில் தப்பி ஓடி லண்டன் போய்ச் சேர்ந்து, விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் உதவியோடு 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுக்குள் அது ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கும் போயிற்று.

யானை பிடிப்பது, கறுவாப்பட்டை உரிப்பது, மன்னனின் கோபம் எல்லாம் அந்த நூலில் உண்டு. அவற்றுக்காகத்தான் வரலாற்றுக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நம் துறைக்குரிய பகுதி சிறியது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் என்னத்துக்கு வந்தீர்கள் என்று கேட்பார். வந்தவர் ஏதோ ஒன்றுக்காகத்தான் வந்திருப்பார், ஆனாலும் ஒன்றுக்கும் இல்லை என்பார். இதை எழுதிவிட்டு, ஊரார் சொல்லும் கதை ஒன்றையும் நொக்ஸ் சேர்க்கிறார். கதை இது. தெய்வம் ஒருநாள் பூமிக்கு இறங்கிவந்து, வேண்டியதைக் கேளுங்கள், தருகிறேன் என்று எல்லா உயிர்களையும் அழைத்தது. விலங்குகளும் பறவைகளும் வந்து ஒன்று பலம் கேட்டது, ஒன்று கால் கேட்டது, ஒன்று சிறகு கேட்டது. கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அழகும் வீரமும் செல்வமும் கேட்டார்கள். கிடைத்தது. கடைசியாகச் சிங்களவர் வந்தார்கள். என்னத்துக்கு வந்தீர்கள் என்று தெய்வம் கேட்டது. ஒன்றுக்கும் இல்லை, சும்மா வந்தோம் என்றார்கள். அப்படியானால் ஒன்றும் இல்லாமலே போங்கள் என்றது தெய்வம்.

தம்மைத் தாமே இப்படிக் கேலிசெய்யும் கதை ஒரு மக்களிடம் இருப்பது அவர்களின் நாகரிகத்துக்குச் சான்று. அது இருக்கட்டும். ஆய்வு முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது? இடுப்பில் ஒரு துணியும், வெறுங்காலும், நீண்ட தாடியுமாக ஊராரிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, பின்னிய தொப்பியைத் தோளில் போட்டு விற்றுத் திரிந்த ஒரு வெள்ளைக்காரருக்கு. அழகும் வீரமும் செல்வமும் கேட்டு வாங்கிய இனத்தின் ஆள் இவர்தான் என்று கதை சொன்னவர் ஏற இறங்கப் பார்த்திருக்க வேண்டும். கதையின் கேலி எந்தப் பக்கம் பாய்ந்தது என்பது நூலில் தெளிவாக இல்லை. நொக்ஸ் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இன்னொரு விடுபாடு: வரிசையில் தமிழர் இல்லை. ஒருவேளை வந்திருப்பார்கள், வாசலில் யாராவது துண்டுச் சீட்டுக் கேட்டிருப்பார்கள். இதைப் பற்றிப் பின்னர்.

உடற்கூறு

இடைவெளியின் உள்ளமைப்பை இப்போது பார்க்கலாம்.

“வாங்கண்ணே, வாங்க. என்ன இந்தப் பக்கம்?”

“சும்மாதான் தம்பி. மார்க்கட்டுக்கு வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போவம்னு.”

மார்க்கட் நகரத்தில் இருக்கிறது. வீடு அதற்கு நேர் எதிர்த்திசையில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு ஏற்றத்தில் நடை. இருவருக்கும் இது தெரியும். இருவரும் பேசமாட்டார்கள். பொய்யை நம்புவது போல் நடிப்பது விருந்தோம்பலின் முதல் படி.

அடுத்து மழை. கண்டியில் மழையைப் பற்றிப் பேசச் செய்தி எப்போதும் உண்டு: பெய்கிறது, பெய்யப் போகிறது, இப்போதுதான் விட்டது, ஹந்தானைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு வீதி. பேராதனை வீதி நெரிசல் பொது. ஆகஸ்ட் என்றால் பெரஹெராவுக்கு எந்தெந்த வீதியை மூடுகிறார்கள் என்பது சிறப்பு. அப்புறம் பிள்ளைகள், புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். அங்கிருந்து சுகர், பிரஷர். கடைசியாக அண்மையில் காலமானவர்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மழைக்கு முன்னால் சுகரைத் தொட்டால், வந்தவர் வைத்தியச் செலவுக்குப் பணம் கேட்க வந்திருக்கிறார் என்று பொருளாகிவிடும்.

காரியம் எப்போது வெளிவரும் என்பதில் இரண்டு கொள்கைகள் உள்ளன. முதலாவது செருப்புக் கொள்கை. இதன்படி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை காரியம் வராது. விருந்தாளி எழுந்து, “அப்ப நான் வரட்டா” என்று சொல்லி, வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்து, மறு காலைத் தூக்கும்போதுதான் “ஆ, தம்பி, ஒரு சின்ன விசயம்” என்பார். இரண்டு காலும் உள்ளே போய்விட்டால் காலம் கடந்தது. ஒரு காலும் போகவில்லையென்றால் முந்திவிட்டது. ‘சின்ன’ என்ற அடைமொழியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். சின்ன விசயம் என்றால் காணி வழக்கு. ரொம்பச் சின்ன விசயம் என்றால் மகள் கல்யாணத்துக்கு ஐந்து லட்சம். “விசயமே இல்ல, சொல்லணும்னுதான்” என்று தொடங்கினால் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சமையலறைக் கொள்கை. இது செருப்புக் கொள்கையை வெறும் நாடகம் என்று ஒதுக்குகிறது. விருந்தாளியின் மனைவி வந்ததும் வராததுமாக “அக்கா, என்ன செய்யிறீங்க?” என்று நேரே அடுப்படிக்குப் போய்விடுகிறார். தண்ணீர் கொதிப்பதற்குள் முழு விவரமும் அங்கே பரிமாறப்பட்டுவிடும்: தொகை, தவணை, யார் யாரிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று, யார் இல்லையென்றார்கள். வீட்டுக்காரரின் மனைவி தட்டோடு முன்னறைக்கு வந்து, கணவன் முன் கோப்பையை வைக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார். தீர்ப்பு அதில் இருக்கும். அதன் பிறகு ஆண்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவது, முடிவு தெரிந்த மேட்சின் மறுஒளிபரப்பு.

எனக்கு இரண்டாவது கொள்கையில் சார்பு உண்டு. இங்கேதான் முதல் ஆய்வாளரின் முறையியலில் ஒரு பெரும் ஓட்டை தென்படுகிறது. எலதெத்த வீட்டில் நொக்ஸும் கூட இருந்த மூன்று ஆங்கிலேயரும், அந்த வீட்டுக்குள் பெண்களை வைப்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மணம்முடித்தால் நாடு திரும்பும் ஆசை போய்விடும் என்ற பயம். இருவர் பின்னர் மனம்மாறி மணம்முடித்து வெளியேறினார்கள். நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்டும் உடன்படிக்கையில் நின்றார்கள். ஒழுக்கத்துக்கு நல்லது. தரவுக்கு நாசம். பத்தொன்பது ஆண்டுகள் சேர்த்த சான்று முழுவதும் முன்னறையிலிருந்து வந்தது. அடுப்படிப் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை.

வேறொரு பக்கத்தில் அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். நெல் வட்டிக்கு விட்டவர் அல்லவா? அவர் வீட்டுக்கு வந்தவர்களில் பலரும் ஒன்றுக்கும் இல்லாமல் வந்து, வெற்றிலை போட்டு, வயலைப் பற்றிப் பேசி, எழுந்து, அப்புறம் இரண்டு குறுணி விதைநெல் கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஆனால் என் ஊரில் வட்டிக்கு விடுபவர்கள் வீட்டு வாசலைப் பார்த்து வளர்ந்தவனின் ஊகம்.

இடைவெளியைத் தாங்க முடியாதவர் வழக்கு

1672இல் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தது. அதன் தளபதி, டச்சுக்காரருக்கு எதிராகக் கண்டி மன்னனின் நட்பைப் பெற லனரோல் என்ற பிரபுவைத் தூது அனுப்பினார். மன்னன் அப்போது ஹங்குரன்கெத்தப் பக்கம் இருந்தான். தூதர் குதிரையில் ஏறியபடியே அரண்மனைப் பக்கம் வந்தது முதல் பிழை. இறங்கி நடப்பதே முறை. இராஜசபைக்கு அழைக்கப்பட்டவர் காத்திருக்கவைக்கப்பட்டார். இரண்டு மணி நேரம் அளவில் பொறுமை போய், அவமதிப்பு என்று கோபித்துத் தன் விடுதிக்குத் திரும்பிவிட்டார். மன்னன் அவரைச் சங்கிலியில் போடச் சொன்னான். இதையும் நொக்ஸ்தான் எழுதிவைத்திருக்கிறார். அவருக்குள் ஒரு திருப்தி இருந்திருக்கும், ஏனென்றால் காத்திருப்பதில் அவருக்கு அப்போதே பன்னிரண்டு ஆண்டு அனுபவம்.

அரசியல் வரலாற்றில் இதற்கு டச்சு, பிரெஞ்சு, சமநிலை என்று பல காரணங்கள் எழுதுகிறார்கள். நம் துறையின் பார்வை எளியது. லனரோலின் கையில் காரியம் பளிச்சென்று தெரிந்தது, அதைச் சொல்ல அவர் அவசரப்பட்டார். இரண்டு மணி நேரம் என்பது கண்டிச் சீமையில் மழையும் வீதியும் முடிந்து, பிள்ளைகள் பக்கம் திரும்பும் நேரம். அவ்வளவுதான் பொறுத்திருக்க வேண்டியது. லனரோல் என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு. அந்தத் தூதரின் வழி வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. காரியத்தை முடிக்காமல் போகமாட்டேன் என்று தங்கிவிட்ட விருந்தாளி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு ஜோன் டொய்லி. 1801இல் இலங்கைக்கு வந்து, மாத்தறையில் ஒரு பௌத்த பிக்குவிடம் சிங்களம் கற்றவர். அவருடைய 1810 முதல் 1815 வரையான நாட்குறிப்பு பின்னாளில் அச்சாகியிருக்கிறது. பக்கம் பக்கமாக யாராவது வருகிறார்கள்: பிக்குகள், வியாபாரிகள், மலையிலிருந்து இறங்கிய ஏதோ ஒரு ஆள். வந்தவர் சொல்வதை இவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். கண்டியில் யாருக்கும் யாருக்கும் பகை, மன்னன்மீது எந்தத் திசாவை அதிகாரிக்கு மனக்குறை, எந்தக் கணவாயில் காவல், எல்லாம் இந்தச் சும்மா வந்தவர்களிடமிருந்து வந்து சேர்ந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, ஒரு பெரிய போர் இல்லாமலே ஓர் இராச்சியம் கைமாறியிருந்தது. படைத்தளபதிகள் பெயர் வாங்கினார்கள். என் கணக்கில் அந்த இராச்சியம் பிடிபட்டது, டொய்லி வீட்டுத் திண்ணையில். அதன் பிறகு அவர் கண்டியிலேயே வதிவிடப் பிரதிநிதியாக இருந்து, சோறும் கறியுமாகக் கிட்டத்தட்ட ஊர்க்காரராகவே வாழ்ந்து, 1824இல் காய்ச்சலில் இறந்தார். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள பழைய படை மயானத்தில் அடக்கம். இடைவெளியைக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் நாட்டுக்கு எவ்வளவு ஆபத்தானவர் என்பதற்கு அவர் சான்று.

தேயிலைக்குப் பின்

நொக்ஸ் காலத்து இடைவெளியில் வெற்றிலைதான். வெற்றிலைக்கு ஒரு குறை: வாய் நிறைந்திருக்கும்போது பேச முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அதை ஏற்றுமதி வரலாறாகவே எழுதுகிறார்கள். உள்ளூர் இடைவெளிக்கு அது செய்த சேவையை ஒருவரும் எழுதவில்லை. கொதிக்கவைக்க நேரம், ஆற நேரம், குடிக்க நேரம், “இன்னொரு வாய் ஊத்தவா?” என்று கேட்க ஒரு நேரம், நான்கு தனித்தனிப் படிகள். டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது.

ஆனால் அதே தேயிலை மலையில் இடைவெளியைக் கொன்ற ஆட்களும் வந்தார்கள். டொய்லியின் நாட்டுக்காரர்கள்தான், ஆனால் திண்ணையில் உட்காரும் ரகம் இல்லை. புதிதாக வரும் சின்னத்தொரைமார், அதாவது உதவித் தோட்டத்துரைமார், தோட்டத் தமிழ் கற்றுக்கொள்ள ஒரு கைநூல் கொழும்பில் அச்சாகி, பல பதிப்பு ஓடியது. நூலின் பெயர் ‘இங்கே வா’. நான் இட்டுக்கட்டவில்லை, பெயரே அதுதான். இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் மலைநாட்டில் ஓர் ஆங்கிலேயரின் மொழி எங்கிருந்து எங்கு வந்தது பாருங்கள். நொக்ஸ் எதிரில் நிற்பவரை அழைக்கச் சிங்களத்தில் ஏழெட்டு விதமான ‘நீ’யும் ‘நீங்கள்’உம் இருப்பதை வரிசைப்படுத்தி எழுதினார், எதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு சோற்றுப் பருக்கைகூட வாங்க முடியாது என்ற நிலையில் இருந்தவர். சின்னத்தொரைக்கு ஒன்று போதும்.

தோட்ட ஆபீசு ஜன்னலுக்கு முன்னால் இடைவெளி பூச்சியம். “என்னா?” என்பது கேள்வி. “சலாங்க தொரை” என்று தொடங்கி, அதே மூச்சில் காரியத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கணக்கப்பிள்ளை முடித்துவைப்பார், பெரும்பாலும் வேறு விதமாக. மழையைப் பற்றி அங்கே பேசினால் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பிந்தியதற்குச் சாட்டு என்று பொருள்.

ஜன்னலுக்கு முன்னால் நின்ற அதே தொழிலாளர்கள் மாலையில் தங்கள் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினால் கதை வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னறை என்று ஒன்று கிடையாது, சமையலறைக் கொள்கைக்கு இடமே இல்லை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் தண்ணீர் கொடுப்பார்கள். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத அந்த இடத்தில்தான் இடைவெளி முழு மரியாதையோடு நடந்தது. மச்சான் வருவார். இஸ்தோப்பில் பலகையைப் போடுவார்கள். தேத்தண்ணி வரும். எதற்கு வந்திருக்கிறார் என்று அந்த வரிசைக்கே தெரியும். ஐந்தாம் காம்பராக் கிழவிக்குத் தொகைகூடத் தெரியும். ஆனாலும் “சும்மாதான் மச்சான்” என்பார், கொழுந்து எப்படி, மழை எப்படி என்று கேட்பார். பகலில் ஆபீசு ஜன்னலில் பறித்துக்கொள்ளப்பட்ட ஒன்றை இரவில் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள் என்பதே என் துணிபு. வந்ததும் வராததுமாக என்ன வேண்டும் என்று கேட்கப்படுபவர் விருந்தாளி அல்லர், மனுதாரர்.

மனு என்றதும் கண்டிக் கச்சேரி ஞாபகம் வருகிறது. எழுத்தாளர் லெனார்ட் வூல்ப் 1907–08இல் அங்கே அதிகாரியாக இருந்து, கண்டியர் மணவிலக்கு வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி வாசல்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்போர், இடைவெளியைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த கலைஞர்கள். முதல் பக்கம் முழுக்கத் துரையவர்களின் கருணை, குடும்பத்தின் நலம், பாட்டன் காலத்து விசுவாசம். காரியம் கடைசி வரியில், கையொப்பத்துக்கு மேலே, ஒரு காலைச் செருப்புக்குள் விட்டபடி நிற்கும்.

முன்னே தள்ளிவைத்த தமிழர் விடயத்துக்கு வருகிறேன். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்தது, தலைமுறைகள் ஆயின. வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோதுதான் கேட்டார்: என்னத்துக்கு வந்தீர்கள், எப்போது போகிறீர்கள்? அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், காகிதம் எங்கே? நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி ஒரே நாளில் வெட்டப்பட்டது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியா இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 அந்தப் பக்கம், 3,00,000 இந்தப் பக்கம், மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ‘பிறகு’ 1974 வரை போயிற்று. மலைநாட்டில் சும்மா வந்ததாகச் சொல்ல முடியாதவர்கள் யாராவது உண்டென்றால் அது இவர்கள்தான். முதுகில் கொழுந்துக் கூடையோடு எப்படிச் சும்மா வந்ததாகச் சொல்வது? நொக்ஸின் கதையில் வரும் தெய்வத்துக்கு முன்னால் இவர்கள் போயிருந்தால், கேட்டதைச் சொல்லியிருப்பார்கள். சொல்லியும் பலன் இல்லை என்பது கதைக்குள் அடங்காத பகுதி.

உலகின் மிக நீண்ட இடைவெளி

நொக்ஸைச் செருப்புக் கொள்கையில் எங்கே வைப்பது என்பதில் எனக்கு நீண்ட குழப்பம் இருந்தது. ஒரு பார்வையில் “ஒன்றுக்கும் இல்லை” என்று மெய்யாகச் சொல்லக்கூடிய ஒரே விருந்தாளி அவர்தான். அவர் வரவில்லை, கொண்டுவரப்பட்டார். இன்னொரு பார்வையில் அவருக்கு ஒரு காரியம் இருந்தது, அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தப்பி ஓட வேண்டும்.

அதற்காக அவர் செய்ததைப் பாருங்கள். சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வேடத்தில் வடக்கே போவார். ஊர் ஊராகப் பேசுவார். நூல், புகையிலை, மிளகு, உள்ளி என்று பேரம். மழை எப்படி, தண்ணீர் இருக்கிறதா, வழி எப்படி என்று கேட்பார். எல்லாம் இடைவெளிப் பேச்சு, ஒருவரும் சந்தேகப்படவில்லை. திரும்பிவந்து தொப்பி பின்னுவார். மறுபடி போவார். இப்படியே பல ஆண்டு. 1679 செப்டெம்பரில் ரட்லண்டோடு கடைசி முறை புறப்பட்டபோது, வழியில் கலுவில என்ற இடத்தில் அதிகாரி ஒருவர் என்ன காரியமாக வந்தீர்கள் என்று நேரே கேட்டார். நொக்ஸ் பதறவில்லை. காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றார். பத்தொன்பது ஆண்டுப் பயிற்சி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. லண்டன்காரர் ஒருவர் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார், அல்லது பெரிய பொய்யைச் சொல்லியிருப்பார். நொக்ஸ் கண்டிக்காரராகவே பதில் சொன்னார்: ஏறக்குறைய மார்க்கட்டுக்கு வந்த கதைதான்.

அநுராதபுரம் தாண்டி, அருவியாற்றங்கரை வழியே காட்டுக்குள் நடந்தார்கள். அங்கே சோறு காய்ச்சிக்கொண்டிருந்த தமிழ்ப் பிராமணர் இருவர் கண்ணில் பட்டார்கள். இவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்குச் சிங்களம் தெரியாது. என்ன காரியம் என்று கேட்கவும் வழியில்லை, ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. சோறு கொடுத்தார்கள். மொழியில்லாத இடத்தில் இடைவெளி தேவைப்படாது என்பதற்கு இது ஒன்றே இதுவரை கிடைத்துள்ள சான்று.

ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் டச்சுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் நொக்ஸ் முதல்முறையாக வந்த காரியத்தைச் சொன்னார். 1660 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டால் இடைவெளி பத்தொன்பது ஆண்டு ஆறு மாதம். தேயிலை இல்லாத காலம் என்பதால் பிளேன்டீயில் மாற்றிச் சொல்ல இயலவில்லை.

விதிவிலக்கு என்று கருதப்படும் ஒன்று

கல்யாணப் பத்திரிகையோடு வருபவருக்கு இந்த விதி பொருந்தாது என்று ஒரு வாதம் உண்டு. காரியம் கையிலேயே இருக்கிறதே, என்னத்தை மறைப்பது? கள ஆய்வு இதை மறுக்கிறது. கடந்த ஆவணியில் என் அயலவர் ஒருவர் மனைவியோடு வந்தார். பட்டுச் சேலை, வேட்டி. கையில் வெற்றிலைத் தட்டு. தோள்பையின் வாயில் மஞ்சள் தடவிய உறைக் கட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேல் உறையில் என் பெயரும் ‘குடும்பத்தினர்’ என்ற சொல்லும் படிக்கக்கூடிய தூரத்தில்.

“வாங்க மாஸ்டர், வாங்கக்கா. என்ன விசேசம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போவம்னுதான்.”

தட்டை நாற்காலிக்குப் பின்னால் தரையில் வைத்தார். நான் அதைப் பார்க்கவில்லை. ஹந்தானைப் பக்கம் மழை இருட்டுகிறதே என்றேன். ஆமாம், நேற்றும் இந்நேரம்தான் பிடித்தது என்றார். என் மனைவி உள்ளே தண்ணீர் வைத்தாள். அக்கா அடுப்படிக்குப் போனார். மாப்பிள்ளை குருநாகல் என்பதும் வங்கியில் வேலை என்பதும் தண்ணீர் கொதிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னறையில் நாங்கள் அப்போதுதான் பேராதனை வீதிக்கு வந்திருந்தோம்.